அறை இல்லாத வீடு

எங்கள் கல்லூரியில் வேணிக்கு ஜப்பான் மிஸ் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். வேணி ஜப்பானுக்குப் போனதில்லை. திருச்சி விமான நிலையத்துக்கு யாரையோ வழியனுப்ப ஒரு தடவை போய், வாசலோடு நின்று திரும்பி வந்தவள். பெரம்பலூருக்கு வெளியே மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் நிற்கிற எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் பதினைந்து வருஷமாக வரலாறு நடத்துகிறாள். பாடத்தில் எகிப்து உண்டு, கிரேக்கம் உண்டு, நம் சோழர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் நடத்துவாள். ஆனால் ஜப்பான் வந்துவிட்டால் குரலே மாறிவிடும். பக்கத்து வகுப்பில் நான் காங்கிரீட் நடத்திக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவள் குரலுக்குக் காது கொடுப்பார்கள்.

எனக்கு வரலாறு என்றால் கொட்டாவி. அரியலூரில் பிறந்தவனுக்குக் காங்கிரீட்டைத் தவிர வேறென்ன தெரியும்? மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல், மூச்சை இழுத்தால் சிமெண்டுத் தூசி. வேணி திருமானூரிலிருந்து காலையில் ஒரு பஸ் பிடித்து அரியலூர் வருவாள். அங்கிருந்து பெரம்பலூர் பஸ்ஸில் நானும் ஏறிக்கொள்வேன். டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு ஜப்பான் பாடம் நடந்தது. காசு கொடுத்துப் படித்த பிள்ளைகளை விட ஓசியில் நான் படித்ததுதான் அதிகம்.

“நாம சுவரக் கட்டிட்டு அதுக்கு மேல கூரையப் போடுறோம் சார். அவங்க அப்படி இல்ல. தூண நட்டு, கூரையப் போட்டு, மொதல்ல நெழல உண்டாக்கிடுவாங்க. கீழ என்ன பண்றதுன்னு அப்பறமாத்தான் யோசிப்பாங்க.”

“சுவரு இல்லாம எப்படிம்மா? திருடன் வந்தா?”

“திருடன் வர்றதுக்கு உள்ள என்ன இருக்குங்கறீங்க? பாயி, ஒரு பூச்சாடி.”

இப்படித்தான் பேசுவாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே பிரபுக்களின் மாளிகை முழுவதும் ஒரே பெரிய கூடமாக இருந்ததையும், திரைச்சீலையும் மடக்குத் தட்டியும் வைத்தே அதைப் பகலுக்கு ஒரு விதமாகவும் ராத்திரிக்கு ஒரு விதமாகவும் பிரித்துக்கொண்டதையும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு தட்டி போய் நகரும் கதவு வந்தது. மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய ஷோஜிக் கதவு. கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் வீடும் தோட்டமும் ஒன்றாகிவிடும். இசே என்ற ஊரில் ஒரு கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துவிட்டுப் பக்கத்து மனையில் புதிதாக அதே மாதிரி கட்டுவார்களாம். ஆயிரத்து முந்நூறு வருஷமாக இதே வேலை. “நம்ம பஞ்சாயத்து ரோடு மாதிரி” என்றேன். முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இவ்வளவு ஆசையும் பாடத்தோடு போயிருக்கும். அவள் புருஷனுக்கு அப்படி ஆகாமல் இருந்திருந்தால்.

புருஷன் பெயர் அருள்முருகன். சொந்த மாமன் மகன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். படித்த பெண்ணை லாரிக்காரனுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று ஊரில் வாய் கூசாமல் பேசினார்கள். எனக்குத் தெரிந்து அவ்வளவு பிரியமாக இருந்த புருஷன் பெண்டாட்டி குறைவு. அவள் பாடத்தை அவனும் கேட்பான். “ஜப்பான்காரனுக்குச் செங்கல்லே கெடைக்கலயா, பாவம்” என்பான். ஒரு நாள் லோடு மேல் தார்ப்பாய் கட்ட ஏறியவன் வழுக்கி விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

திருமானூரில் அவன் அண்ணன் அண்ணாதுரையின் வீட்டில்தான் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். பின்கட்டில் உர மூட்டை போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து அருள்முருகனைப் படுக்க வைத்தார்கள். வேறு அறை இல்லை. மேலே கை அகலத்துக்கு ஒரு காற்றுத்துவாரம், நான்கு பக்கமும் சுவர். கட்டிலைத் திருப்பிப் போட்டால் வேறு சுவர். அவ்வளவுதான் மாற்றம். நான் பார்க்கப் போனபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“கோழி மேயற சத்தம் கேக்குது சார். கோழியப் பாக்க முடியல.”

எனக்கே அங்கே இரண்டு நிமிஷம் நிற்க முடியவில்லை. வேணிக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு வரைபடத்தை என் மடியில் வைத்தாள். “சார், தூணும் விட்டமும் நீங்க கணக்குப் போட்டுக் குடுங்க. உள்ளாற சுவரே வேணாம்.”

அருள்முருகன் பங்குக்கு வந்த மனை ஊருக்கு வெளியே, திருமழபாடி போகிற ரோட்டில் இருந்தது. பின்னால் கரும்பு வயல், அதற்கும் பின்னால் வாய்க்கால். காங்கிரீட் தூண்கள், விட்டம், மேலே சரிவான ஓட்டுக் கூரை. கூரை தூண் வரிசையைத் தாண்டி வெகுதூரம் இறங்கி நாலு புறமும் தாழ்வாரமாக நிழல் தரும். கழிப்பறைக்கு மட்டும் செங்கல் சுவர், அதுவும் வீட்டை விட்டுத் தள்ளி. மற்றதெல்லாம் நகரும் கதவு. காகிதம் நம் மழைக்குத் தாங்காது என்று பாதி கண்ணாடி, பாதி ஒட்டுப்பலகை. தரையில் காடி வெட்டி அதில் கதவை ஓட விட்டாள். கட்டிய நல்லதம்பி கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். “சுவரே இல்லாத வூட்டுக்கு எதுக்குங்க கொத்தனாரு? பந்தல் போடுறவன கூப்ட்ருக்கலாம்ல?”

நானும் சண்டை போட்டேன். “ஒரு ரூமாவது கட்டும்மா. பொண்ணு வளருது. பீரோ வைக்க எடம் வேண்டாமா?”

“அவங்க மாளிகையிலயும் ஒண்ணு உண்டு சார். எல்லாம் தொறந்து கெடக்கும், நடுவுல ஒரே ஒரு எடத்துக்கு மட்டும் மண்சுவரு பூசியிருப்பாங்க. நூரிகோமேன்னு பேரு. உள்ள தூங்குவாங்க, சாமான் வைப்பாங்க.”

“அந்தக் கோமேயையாச்சும் கட்டித் தொலையேன்.”

“வேணாம் சார். அவரு சுவரப் பாத்தது போதும்.”

வீட்டுக்குப் போய்க் கம்பிக் கணக்கைப் போட்டேன்.

வீடு முடிந்து அருள்முருகனைக் கொண்டுபோய்ப் போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. வேணியும் மகள் சண்முகப்பிரியாவும் ஒவ்வொரு கதவாகத் தள்ளினார்கள். கரும்பு வயல் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. அவன் கண்ணில் தண்ணீர் ஓடிக் காதுக்குள் இறங்கியது. பிரியா துடைத்துவிட்டாள். அப்புறம் நான்கு வருஷம் அவன் அங்கே கிடந்தபடியே ஒரு ராஜா மாதிரி இருந்தான். ரோட்டில் போகிறவன் எல்லாம் நின்று பேசிவிட்டுப் போவான். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் திரும்புகிறது என்று கட்டிலில் இருந்தே சொல்லுவான். ராத்திரி குளிரினால் வேணி அவனைச் சுற்றி மட்டும் கதவுகளை இழுத்துவிடுவாள். விடிந்ததும் தள்ளிவிடுவாள். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் வயசாகிறது, எத்தனையோ பெரிய வீடுகளுக்குத் தூண் நிறுத்தியிருக்கிறேன். அந்த வீட்டைத் தவிர எதையும் நினைத்துச் சந்தோஷப்பட்டதில்லை.

ஐப்பசி அடைமழையில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மத்தியானம் போய்விட்டான்.

நான் போய்ச் சேரும்போது சாவுக்கு வந்தவர்கள் தாழ்வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாதுரை தூண் ஓரமாக நின்று நாள்காட்டித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சதயம் சார்” என்றார் என்னிடம். “அடைப்பு.”

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. சில நட்சத்திரத்தில் உயிர் போனால் அது அடைப்பு. உயிர் பிரிந்த அறையை மாசக் கணக்கில் மூடிவைக்க வேண்டும். சதயத்துக்கு ஆறு மாசம். மூடாவிட்டால் போனவன் தனியாகப் போகமாட்டான், வீட்டில் இருக்கிறவர்களில் இன்னொருவரைக் கூட்டிக்கொள்வான் என்பது பயம். பிணத்தையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது. அந்த அறைச் சுவரை உடைத்து வழி பண்ணி எடுத்துப் போய், பிறகு அதை அடைத்துவிடுவார்கள். திரும்பி வர நினைத்தாலும் போனவனுக்கு வழி தெரியாது.

அண்ணாதுரை ஜோசியருக்கு போன் போட்டார். அண்ணாதுரைக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே ஸ்பீக்கரில் போட்டார். அழுது கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“எந்த ரூமுல உசுரு போச்சு?” என்றார் ஜோசியர்.

“ரூமுன்னு ஒண்ணும் இல்லீங்க சாமி.”

“சரி, கூடத்துலயா?”

“கூடமுன்னும் சொல்ல முடியாதுங்க. எல்லாம் ஒண்ணுதாங்க. கதவ இழுத்தா ரூமு, தள்ளுனா கூடம்.”

எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. மனுஷ புத்தி அப்படி.

“உசுரு போறப்ப கதவு எப்படி இருந்துச்சு? மூடியா, தொறந்தா?”

அண்ணாதுரை திரும்பி வேணியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மூடியிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டிலைச் சுற்றி நான்கு கதவோடு போயிருக்கும். அது தெரியாதவள் இல்லை. அவன் உடம்பு பக்கத்தில் இருக்கும்போது அவளுக்குப் பொய் வரவில்லை.

“எல்லாக் கதவும் தொறந்துதான் மாமா இருந்துச்சு. மழையப் பாக்கணும்னாரு.”

“அப்ப வூடு முச்சூடும்தான் அடைக்கணும்” என்றார் ஜோசியர். “ஆறு மாசம்.”

தூக்குகிற நேரம் வந்தது. எந்தச் சுவரை உடைப்பது என்று ஆண்கள் கடப்பாரையோடு வீட்டைச் சுற்றி வந்தார்கள். உடைக்கச் சுவர் இல்லை. கடைசியில் வேணியே எழுந்து போய்க் கரும்பு வயல் பக்கத்துக் கதவுகளைத் தள்ளிவிட்டாள். தாழ்வாரம் வழியாக இறக்கினார்கள். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையோடு அழுகையாக என்னிடம் ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

“அங்கயும் இப்படித்தான் சார். தலைவாசல் வழியா எடுக்க மாட்டாங்க. தாழ்வாரம் வழியாத்தான் எறக்குவாங்க.”

வகுப்பில் இதைப் பல தடவை சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. நான் அவள் தலையில் கையை வைத்தேன்.

அன்று சாயங்காலமே அடைத்தார்கள். நகரும் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. ஆகவே நான்கு புறமும் மூங்கில் கழியைக் குறுக்கே வைத்து ஆணி அடித்தார்கள். வேணியும் பிரியாவும் ஆளுக்கு ஒரு பையோடு அண்ணாதுரை வீட்டுக்குப் போனார்கள். மறுபடியும் அந்தப் பின்கட்டு அறை. உர மூட்டைகளை மறுபடியும் ஒழித்துக் கொடுத்தார்கள்.

அண்ணாதுரையை வில்லனாக்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மனுஷன் தம்பியை ஐந்தாறு வருஷம் தோளில் தூக்கியவர். வேணியை “தாயி” என்றுதான் கூப்பிடுவார். பிரியாவைப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் அவர்தான். தட்டில் மீன் விழுந்தால் முதல் துண்டு அவளுக்கு. அவர் கெட்டவராக இருந்திருந்தால் வேணிக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒரு சண்டையில் முடித்திருப்பாள்.

மழை கார்த்திகையிலும் விடவில்லை. பஸ்ஸில் வேணி ஜப்பானைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டைப் பற்றி மட்டும் பேசினாள். மரமும் கதவுமாக இருக்கிற வீட்டை நாள்தோறும் திறந்து மூட வேண்டும், காற்று ஓடாவிட்டால் செத்துவிடும், ஆளில்லாத பழைய வீடுகள் எல்லாம் அப்படித்தான் மக்கிப் போகின்றன என்றாள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், திறந்து வைக்கலாமா என்று அண்ணாதுரையிடம் கேட்டாள். அவர் ஜோசியரைக் கேட்டார். வெளியே படியில் விளக்கு வைக்கலாம், திறக்கக் கூடாது என்று பதில் வந்தது. காலேஜ் விட்டு வந்ததும் அவள் போய்ப் படியில் விளக்கு வைத்துவிட்டு வருவாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். கதவுச் சட்டத்தில் கையகலத்துக்கு மண் பூத்திருந்தது. கரையான். அவள் விரலால் தட்டினாள். சட்டம் உள்ளே பொத்தென்று போனது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ படிச்சவதானே? பதினஞ்சு வருஷமாப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறவதானே? கழியப் பிடுங்கிப் போட்டுட்டுத் தொறம்மா. நான் நிக்கிறேன், எவன் கேக்குறான்னு பாப்போம்.”

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். “நான் ஒருத்தின்னா இந்நேரம் தொறந்துருப்பேன் சார். பிரியா இருக்காளே.”

“அதெல்லாம் நம்புறியா நீ?”

“நம்பல. ஆனா நாளைக்கு அவளுக்கு ஒரு காச்சல்னா, நம்பிருவேன்.”

நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன். கழியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்து அடுத்த பருவம் தொடங்கியது. ஜப்பான் பாடம் வந்தது. பக்கத்து வகுப்பில் இருந்தேன், எல்லாம் கேட்டது. ஆதியில் அந்த நாட்டில் நிலையான தலைநகரமே கிடையாது என்று ஆரம்பித்தாள். ராஜா இறந்துவிட்டால் சாவுத் தீட்டு என்று அரண்மனையை அப்படியே விட்டுவிட்டு வாரிசு வேறிடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்வான், அப்படித்தான் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள், ஊர் பெரிதாகி, கல் அடித்தளமும் ஓட்டுக் கூரையும் வந்த பிறகுதான் அந்த வழக்கம் நின்றது என்றாள். பிரசாத் என்று ஒரு பையன், நல்ல பையன்தான், எழுந்து கேட்டான்.

“மிஸ், செத்துப்போன ரூம மட்டும் மூடுனா போதாதா? எதுக்கு வூட்டயே விட்டுட்டுப் போவணும்?”

அவள் குரல் கேட்கவில்லை. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். வேணி பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் குறிப்பு எடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். பிறகு, “அங்க அப்ப ரூமு கெடையாதுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

சித்திரையில் கெடு முடிந்தது. குருக்கள் வந்து புண்ணியாகம் பண்ணி, கழிகளைப் பிடுங்கினார்கள். முதல் கதவை அண்ணாதுரை தள்ளினார். நகரவில்லை. நல்லதம்பி வந்து தோள் கொடுத்ததும் கதவு காடியை விட்டுப் பெயர்ந்து உள்ளே விழுந்தது. புழுங்கிய வாடை. ஒட்டுப்பலகை ஈரத்தில் உப்பி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. சட்டங்களில் கரையான் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. அருள்முருகன் கட்டிலின் கால் ஒன்றும் போயிருந்தது.

நான் வேணியின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் உள்ளே நடந்து ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தாள். விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, அந்த ஆறு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“தூணுக்கும் கூரைக்கும் ஒண்ணும் ஆவல சார். கதவுதானே? அங்கயும் காகிதம் கிழிஞ்சா மாத்திக்குவாங்க. அலுமினியத்துல செஞ்சுருவோம். கரையான் என்ன செய்யும்னு பாக்குறேன்.”

எனக்கும் மனசு லேசானது. இரண்டு பேரும் அங்கேயே நின்று அளவெடுத்தோம். ஆனால் அடுத்த வாரமே விடைத்தாள் திருத்தும் முகாமுக்குச் சென்னைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அவளுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். தட்டிக் கழிக்க முடியாது.

“நீ போயிட்டு வா தாயி” என்றார் அண்ணாதுரை. “பிரியா இங்க இருக்கட்டும். நீ வர்றதுக்குள்ள நான் ஆள வச்சுக் கரையான் தின்னதெல்லாம் எடுத்துட்டு வூட்டச் சரி பண்ணி வைக்கிறேன். ஒனக்கு எதுக்குக் கவல?”

“பழையபடியே இருந்தாப் போதும் மாமா” என்றாள் வேணி.

“அதவிட நல்லா இருக்கும்” என்றார் அவர். உளமாரத்தான் சொன்னார்.

ஒரு மாச முகாம் முடிந்து திரும்பும்போது நானும் அவளோடு திருமானூர் வரைக்கும் போனேன். அலுமினியக் கதவுக்கு ஆளைப் பேசி வைத்திருந்தேன், காடி அளவை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வருகிற வழியெல்லாம் கதவைப் பற்றித்தான் பேசினாள். கரும்பு வயல் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கலாமா என்று கேட்டாள். பிரியாவுக்குப் படிக்க ஒரு மூலையைத் தட்டி வைத்துப் பிரிக்க வேண்டும் என்றாள். பஸ் ஸ்டாண்டில் அண்ணாதுரையே வந்து காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நேராக மனைக்கே கூட்டிப் போனார்.

வெளியிலிருந்து பார்த்தபோது கூரை அதே கூரைதான். கீழே தூணுக்குத் தூண் செங்கல் சுவர் எழும்பியிருந்தது. பூசி, சுண்ணாம்பு அடித்து, இரும்பு ஜன்னல் வைத்திருந்தார்கள். நல்லதம்பி கொத்தனார் வாசலில் கைகட்டி நின்றார். அவருக்கும் பெருமை. உள்ளே போனோம். நடுவில் ஒரு நடை, இந்தப் பக்கம் இரண்டு அறை, அந்தப் பக்கம் இரண்டு அறை, முன்னால் ஒரு சின்னக் கூடம். ஒவ்வொரு அறைக்கும் மரக்கதவு, தாழ்ப்பாள். பகலிலேயே விளக்கைப் போட வேண்டியிருந்தது.

பிரியா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “பெரியப்பாதாம்மா ஒங்கிட்ட சொல்லாதேன்னாங்க. எனக்குத் தாழ்ப்பா வச்ச ரூமும்மா. என் ரூமு.”

அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயசு. அப்பனின் கட்டிலைச் சுற்றியே வளர்ந்தவள், துணி மாற்றுவதற்குக்கூட நான்கு கதவை இழுக்க வேண்டியிருந்தவள். அவள் சந்தோஷத்தை யார் குறை சொல்ல முடியும்? வேணி அவள் தலையைத் தடவினாள்.

அண்ணாதுரை பேசினார். இதைப் பேச வேண்டும் என்று வெகுநாளாக யோசித்து வைத்திருந்தவர் போலப் பேசினார்.

“தம்பி போனப்ப நீயும் புள்ளயும் பைய தூக்கிக்கிட்டு வந்து நின்னீங்க பாரு, அத நான் மறக்கல தாயி. சொந்த வூடு இருந்தும் ஆறு மாசம் அந்த மூட்ட ரூமுல கெடந்தீங்க. இனிமே அது நடக்கக் கூடாது. எப்ப எவனுக்கு என்ன ஆனாலும் ஒரே ஒரு ரூம அடைச்சாப் போதும். மிச்சம் இருக்கறவங்க பாட்டுக்கு வூட்ல இருக்கலாம்.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

“இங்க வா தாயி, இத பாரு” என்று பின்பக்க அறைக்குள் கூட்டிப் போனார். வயலைப் பார்த்த சுவரில் ஓர் இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். ஆள் உயரத்துக்கு, கட்டில் அகலத்துக்கு ஒரு பட்டை. அதில் மட்டும் பூச்சு கொஞ்சம் நிறம் மாறித் தெரிந்தது. “நட்சத்திரம் சரியில்லாம எதும் ஆச்சுன்னா நல்ல சுவர உடைக்கணும் பாரு. அதான் இந்த எடத்துல மட்டும் சிமெண்டு போட வேணாம்னு சொல்லிட்டேன். மண்ணுதான் வச்சிருக்கு. ரெண்டு அடி அடிச்சா வந்துரும். வூட்டுக்குச் சேதாரம் இருக்காது.”

“ஆமாங்க, நான் பாத்துப் பாத்துத்தான் வச்சேன்” என்றார் நல்லதம்பி.

வேணி அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். தூண்களைத் தொட்ட அதே விரல்கள். நான் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தட்டும், நானும் சேர்ந்து கத்தலாம் என்று நெஞ்சுக்குள் ஆயத்தமாகிவிட்டேன். மண்ணால் கட்டியதாவது, சிமெண்டால் கட்டியதாவது, நாளைக்கே இடிப்போம்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதற்குள் பிரியா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். “அம்மா, இங்கதான் நல்லாக் காத்து வருது. நான் இந்த ரூம எடுத்துக்கவா?”

“வேணாம்” என்றாள் வேணி. அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. “ஒனக்கு முன்னாடி ரூமு. இது அம்மாவுக்கு.”

அண்ணாதுரை அந்தப் பட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அலுமினியக் கதவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. வேணி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தாழ்வாரத்தில் கிடந்த தன் கட்டிலை ஒரு பக்கம் தூக்கினாள். மறுபக்கத்தை நான் பிடித்தேன். அறைக்குள் கொண்டுபோய், அந்த மண்பட்டைச் சுவரை ஒட்டிப் போட்டோம்.